காய்ச்சல்காரருக்கு இரண்டு நாள்
மண்ணரை வட்டாரப் பனியன் நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் மண்ணரையிலும் அதைச் சுற்றியும் பனியன் கம்பெனி, பவர் டேபிள் யூனிட், நிட்டிங், செக்கிங், அயர்னிங் என்று தொழில் நடத்தும் உரிமையாளர்களே,

ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலனற்றுப் போவதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மருத்துவர்களுக்கு எழுதுவார்கள். மருந்துக் கடைக்காரர்களுக்கும் கோழிப் பண்ணைக்காரர்களுக்கும் எழுதுவார்கள். ஆடை தைத்து ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த மடல் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான். மருந்தை எழுதுகிறவர் மருத்துவர், விற்கிறவர் கடைக்காரர், விழுங்குகிறவர் தொழிலாளி. ஆனால் அந்தத் தொழிலாளி காய்ச்சலோடு வீட்டில் படுத்திருக்கலாமா, மாத்திரை போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதே. அந்தக் கணக்கை எழுதுகிறவர்கள் நீங்கள். நம் ஊரில் ஆன்டிபயாடிக் பல நேரம் மருந்தாகப் பயன்படவில்லை, விடுப்புக்கு மாற்றாகப் பயன்படுகிறது. அதற்கு ஆகும் செலவு உங்கள் கணக்கேட்டில் வராமல் இன்னொருவருடைய மருத்துவமனைச் சீட்டில் வருகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி அதற்கான ஆதாரம்.

ஐப்பசி மழை தொடங்கியதும் சளி, தொண்டை வலி, உடம்பு வலி, காய்ச்சல் என்று ஒரு சுற்று வரும். இவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் காய்ச்சல் தானே இறங்கிவிடும். அந்த நாட்களில் முதல் இரண்டுதான் கடினமானவை. பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறவருக்கோ ஷிப்ட் கூலிக்குச் செக்கிங் பார்ப்பவருக்கோ அந்த இரண்டு நாள் என்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் விழும் துண்டு. ஆகவே மருந்துக் கடையில் நின்று "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்கிறார். அந்தச் சிறு காகிதப் பொட்டலத்தில் பாராசிட்டமாலோடு ஒரு வேளைக்கோ இரண்டு வேளைக்கோ ஆன்டிபயாடிக்கும் சேர்ந்து வருவது இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. காய்ச்சலை இறக்குவது பாராசிட்டமால். பெயர் வாங்குவது ஆன்டிபயாடிக். அடுத்த முறை அவரே அதைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்.

"இ.எஸ்.ஐ.க்குத்தான் மாதாமாதம் கட்டுகிறோமே" என்பீர்கள். கட்டுகிறீர்கள், 2019 ஜூலை முதல் சம்பளத்தில் 3.25 சதவீதம் நிறுவனமும் 0.75 சதவீதம் தொழிலாளியும். உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விதியில் ஒரு வரி இருக்கிறது: ஒவ்வொரு முறை நோய்வாய்ப்படும்போதும் முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை கிடையாது. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மீண்டும் படுத்தால் மட்டும் விலக்கு. வைரஸ் காய்ச்சலின் மோசமான நாட்கள் இரண்டு, இ.எஸ்.ஐ. கைகொடுக்காத நாட்களும் அதே இரண்டு. மருந்துக் கடைப் பொட்டலம் நிரப்புவது சரியாக இந்த இடைவெளியைத்தான். கான்ட்ராக்டர் வழியாக வரும் பலருடைய பெயர் இ.எஸ்.ஐ. பதிவேட்டிலேயே இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி இன்னும் அகலம்.

இரண்டு மாத்திரையால் என்ன கெட்டுவிடும்? நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. தேவையில்லாமல் விழுங்கிய மருந்து அவற்றில் அடங்குகிறவற்றைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. எஞ்சியவை பெருகுவதோடு நிற்பதில்லை. மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஒரு இனப் பாக்டீரியா இன்னொரு இனத்துக்குக் கைமாற்றவும் முடியும். "கோர்ஸை முழுசாக முடியுங்கள்" என்று நெடுநாளாகச் சொல்லி வந்திருக்கிறோம். காசநோய் போன்றவற்றில் அது கட்டாயம். ஆனால் வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் ஒழுங்காக விழுங்கினால் கேடு குறையாது, கூடும். முதல் மாத்திரையே வேண்டாதது.

இந்தக் கேடு எங்கே போய் முடிகிறது என்பதற்கு டைஃபாய்டு ஒன்றே போதும். கழிவுநீர் கலந்த தண்ணீரால் வரும் நோய் அது. நெருக்கமான லைன் வீடுகளும் மழைக்கால வெள்ளமும் உள்ள ஊருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் அதற்குக் கைகண்ட மருந்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கண்காணிப்பில் இப்போது டைஃபாய்டு கிருமிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் அந்த மருந்துக் குடும்பத்துக்கு அடங்குவதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய டைஃபாய்டு வகை, ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோனையும் தாண்டிவிட்டது. அதற்கு வாய்வழி மருந்தாக மிஞ்சியது பெரும்பாலும் அசித்ரோமைசின் மட்டும். அந்த அசித்ரோமைசினை நாம் என்ன செய்கிறோம்? 2019இல் இந்தியாவின் தனியார் சந்தையில் மிக அதிகமாக விற்ற ஆன்டிபயாடிக் வடிவம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான் என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. டைஃபாய்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரு மாத்திரையைத் தொண்டைக் கரகரப்புக்கு விழுங்கித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம். மருத்துவமனைகளில் நிலை இன்னும் கடுமை. தீவிர சிகிச்சையில் பயன்படும் இமிபெனம் மருந்துக்கு, 2017இல் ஈ.கோலை கிருமிகளில் ஏறத்தாழ 81 சதவீதம் அடங்கின. 2023இல் அது 63 சதவீத அளவுக்கு இறங்கியது. ஆறே ஆண்டில் இவ்வளவு.

ஈ.கோலை என்றதும் பெண் தொழிலாளர்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கிருமிதான். டார்கெட் முடிக்கும் அவசரத்தில் எழுந்து போக முடியாமல், போனாலும் கழிப்பறை போதுமான அளவிலும் சுத்தத்திலும் இல்லாமல், தண்ணீரையே குறைத்துக் குடிப்பது தையல் கூடங்களில் காலங்காலமாக உள்ள பழக்கம். தொற்று வருகிறது, ஆன்டிபயாடிக் வருகிறது, தொற்று திரும்ப வருகிறது, அடுத்த முறை இன்னும் வலுவான ஆன்டிபயாடிக். இருபது பெண்களுக்கு ஒரு கழிப்பறையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்காமல் எழுந்து போகும் உரிமையும் செய்திருக்க வேண்டிய வேலையை மாத்திரை செய்கிறது. அதே பெண் பிரசவத்துக்குப் போகும்போது அவர் உடம்பில் இருக்கும் கிருமி, குழந்தை சந்திக்கும் முதல் கிருமிகளில் ஒன்று. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, இரத்தத்தில் தொற்று கண்டவற்றில் கிடைத்த கிளெப்சியெல்லா கிருமிகளில் பாதிக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன.

இதற்கு உங்களிடமிருந்து வரக்கூடிய முதல் மறுப்பு, இது சட்டமும் மருத்துவமும் பார்க்க வேண்டிய வேலை என்பது. சட்டம் தன் பங்கைக் கொஞ்சம் செய்திருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்குப் பெருமையான இடமும் உண்டு. 2010இல் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணுவின் பரவலை உலகுக்குச் சொன்ன ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012 ஆகஸ்டில் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று பல மருத்துவ அமைப்புகளைக் கூட்டி, மருந்து எதிர்ப்பைச் சமாளிக்கும் வழிகளைச் சொல்லும் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கினார். 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியல், செஃபிக்சிம் போன்ற மருந்துகளை விற்றால் எழுதிய மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்கச் சொன்னது. கேரளம் 2018இல் மாநில அளவிலேயே செயல் திட்டம் வகுத்து, மருந்துச் சீட்டு இல்லாத விற்பனையைப் பிடிக்கக் கடைகளில் சோதனையும் நடத்தி வருகிறது. ஆனால் கடையை மட்டும் இறுக்கினால், நாளைக்கே மெஷினுக்குத் திரும்ப வேண்டியவர் அடுத்த தெருக் கடைக்குப் போவார். அல்லது 200 ரூபாய் கொடுத்து ஒரு ஊசி போட்டுக்கொள்வார். மருத்துவரும் அவரை மூன்று நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பத் தயங்குவார், ஏனென்றால் பொறுக்க நேரமில்லாத ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பது அவருக்கும் தெரியும். தேவையை அப்படியே விட்டுவிட்டு விற்பனையை மட்டும் அடைக்கப் பார்க்கிறோம்.

இரண்டாவது மறுப்பைக் கனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் தலைக்கு ஆன்டிபயாடிக் பயன்பாடு உண்மையில் பணக்கார நாடுகள் பலவற்றைவிடக் குறைவு. மருந்து கிடைக்காமல் சாகிறவர்கள் இங்கே இன்னும் ஏராளம். 2019இல் இமிபெனம் சேர்ந்த கார்பபெனம் மருந்துக் குடும்பத்துக்கும் அடங்காத கிருமித் தொற்று கண்ட இந்தியர்களில் எட்டு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே பொருத்தமான மருந்து கிடைத்தது என்று 2025இல் ஓர் ஆய்வு கணித்தது. அப்படியிருக்க, ஏழைத் தொழிலாளியிடம் போய் "மாத்திரை சாப்பிடாதே" என்பது அநியாயம் இல்லையா? அநியாயம்தான். அதனால்தான் இந்த மடலை அவருக்கு எழுதவில்லை. ஒரே ஊரில் ஒருவருக்கு வேண்டாத மருந்து எளிதாகக் கிடைக்கிறது, இன்னொருவருக்கு வேண்டிய மருந்து கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கேட்கவில்லை. முதலாமவரிடமிருந்து மாத்திரையை மட்டும் பிடுங்கினால் அவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. மாத்திரை நின்ற இடத்தில் ஓய்வை வைக்க வேண்டும்.

ஓய்வுக்கு என்ன செலவாகும்? சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால் எல்லாரும் திங்கட்கிழமை காய்ச்சல் என்பார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். கணக்கைப் போட்டே பார்ப்போம். ஆண்டுக்கு 300 வேலை நாள், சம்பளத்தோடு நான்கு காய்ச்சல் நாள் என்று வையுங்கள். ஒவ்வொருவரும் அந்த நான்கையும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டாலும் கூலிச் செலவில் அது 1.3 சதவீதம். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியைக் கூலியாக வைக்கலாம். சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். அவர்களையும் சேர்த்த உச்சக் கணக்குதான் அந்த 1.3. மறுபுறம், காய்ச்சலோடு வந்தவர் அன்று தைத்த பீஸில் எத்தனை திருத்தத்துக்காக ஆல்டருக்குத் திரும்புகின்றன, அவர் இருமிய வரிசையில் அடுத்த வாரம் எத்தனை மெஷின் காலியாக நிற்கிறது என்பதை எந்தக் கணக்கேடும் காட்டுவதில்லை. ஷிப்மென்ட் நெருக்கடியில் அதை நேரில் பார்ப்பவர்கள் நீங்கள்தான்.

"பெரிய ஏற்றுமதியாளருக்குச் சரி, இருபது மெஷின் பவர் டேபிள்காரன் என்ன செய்வான்?" நியாயமான கேள்வி. இதே கேள்வி ஒருமுறை இந்த ஊரில் இன்னும் பெரிதாக எழுந்தது. சாயக்கழிவு நொய்யலில் ஓடி, 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத நஞ்சுக் குட்டையாகி, கீழே ஈரோடு, கரூர் விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, தொழிலே அழிந்துவிடும் என்றார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டன. ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிறகு என்ன நடந்தது? தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாத சிறு பட்டறைகள் கூட்டாகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின. கழிவுநீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தின. 2024-25இல் இங்கிருந்து போன ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். நொய்யலைப் பார்த்தபடி இருக்கும் மண்ணரைக்கு இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது மெஷின்காரர் தனியாகத் தாங்க முடியாததை வட்டார அளவில் ஒரு பொது நிதியாக, மெஷினுக்கு இவ்வளவு என்று சேர்த்துத் தாங்கலாம். கூட்டாகச் செலவைப் பங்கிடும் வித்தையை இந்தியாவுக்குக் காட்டிய ஊர் இது.

இனி, ஆன்டிபயாடிக் இதேபோல வீணாகும் இன்னொரு இடம்: கோழிப் பண்ணை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பல்லடம். நாட்டின் ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பு வேர்விட்ட மண் இந்த வட்டாரம். குஞ்சு, தீவனம், மருந்து, மருத்துவர் நிறுவனத்துடையது. கொட்டகை, கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. எத்தனை கோழி செத்தது, ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தீவனம் போனது என்பதை வைத்துக் கூலி கூடும், குறையும். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஜாப் ஒர்க் நினைவுக்கு வரலாம். இரண்டும் ஒரே அமைப்புதான். ஏறத்தாழ 40 நாளில் இரண்டு கிலோவைத் தொட வேண்டிய பறவையை நெருக்கமாக அடைத்து வைத்த கொட்டகையில், இடமும் காற்றும் தடுப்பூசியும் காய்ந்த படுக்கையும் செய்ய வேண்டிய வேலையை மலிவாகச் செய்து தருவது ஆன்டிபயாடிக். உலகில் விற்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் 73 சதவீதம் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கே போவதாக 2019இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கோழிக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசினின் ஒரு பகுதி அதன் உடம்பிலேயே சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. நம் மருந்துக் கடை மாத்திரையும் அதுவும் ஒன்றேதான். கோழிகளில் இந்த மருந்துக் குடும்பத்துக்கு அடங்காமல் போன கிருமிகள் மனிதருக்கு வருவதை முன்வைத்து அமெரிக்கா 2005இல் கோழிக்கு என்ரோஃப்ளாக்சசினைத் தடை செய்தது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வடிவில், 2015இல் சீனாவில் பன்றிகளிடமும் கறியிலும் நோயாளிகளிடமும் காணப்பட்டது. இந்தியா 2019 ஜூலை 19 அன்று உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. சரியான முடிவு, ஆனால் அந்தத் தடை ஒரு மருந்துக்குத்தான், நெருக்கடி எல்லா மருந்துக்கும். நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடாதா என்று கேட்கலாம். சட்டியில் செத்துவிடும். வெட்டும் கத்தியில், கழுவும் தண்ணீரில், கொட்டகையில் வேலை செய்பவர் கையில், வயலுக்குப் போகும் கோழி எருவில் சாகாது.

இங்கே நீங்கள் யார்? வாங்குகிறவர். உங்கள் கேன்டீனுக்கும் விடுதி மெஸ்ஸுக்கும் கோழிக்கறி மொத்தமாக வருகிறது. வாங்குகிறவர் போடும் நிபந்தனைக்கு எவ்வளவு வலிமை என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? 1990களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்ததும், ஐரோப்பியப் பையர்கள் சான்றிதழ் கேட்டதும், இந்த ஊரின் சாயப்பட்டறைகள் தங்கள் டப்பாக்களையே மாற்றின. அதே கேள்வியை நீங்கள் கறி சப்ளை செய்பவரிடம் கேளுங்கள்: இந்தப் பேட்ச் கோழிக்கு என்ன மருந்து, எந்த நாளில், எந்த நோய்க்கு, யார் எழுதியது, கடைசி மருந்துக்கும் வெட்டியதற்கும் எத்தனை நாள் இடைவெளி. நோய் கண்ட பறவைக்கு மருத்துவம் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நோயே இல்லாத கொட்டகைக்குத் தீவனத்தோடு கலந்து கொடுப்பதுதான் நிற்க வேண்டும். விலை ஏறும், உண்மை. எவ்வளவு? டென்மார்க்கில் கறிக்கோழி வளர்ப்பவர்கள் 1998இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்கை நிறுத்தியபோது, ஒரு கிலோ கோழிக்குக் கூடுதலாகப் போன தீவனம் சுமார் 16 கிராம், சாவு கூடவில்லை. அவர்களுடைய கொட்டகையும் குளிரும் வேறு, நம்முடைய திறந்த கொட்டகையும் வெயிலும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கே இடமும் தடுப்பூசியும் கூட்டினால் அதைவிடக் கொஞ்சம் அதிகம் ஆகலாம். அந்தக் கூடுதல் வளர்ப்புக் கூலிக்காரர் தலையில் விழாமல் விலையில் ஏறி, உங்கள் மெஸ் கணக்குக்கு வரட்டும். நியாயமான விலை கொடுக்காமல் நிபந்தனை மட்டும் போடும் பையர் எப்படி இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

கேட்பது இவ்வளவுதான். இ.எஸ்.ஐ. தராத முதல் இரண்டு நாளுக்கு, மருந்துச் சீட்டோ சான்றிதழோ கேட்காமல், கூலி கொடுங்கள். சான்றிதழ் கேட்டால் அதை வாங்கப் போகும் இடத்திலேயே ஊசியும் மாத்திரையும் காத்திருக்கும். விடுப்பு எடுப்பதே, வேண்டாத மருந்துக்கு வழியாகிவிடும். இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் நின்றால் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக அரை நாள் விடுங்கள். டைஃபாய்டா, டெங்குவா என்று இரத்தம் பார்த்த பிறகு மருந்து தொடங்கட்டும். கம்பெனி முதலுதவிப் பெட்டியில் யாரோ வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக் பட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். கழிப்பறைகளை எண்ணிப் பாருங்கள். கேன்டீனின் அடுத்த கறி ஒப்பந்தத்தில் மேலே சொன்ன கேள்விகளை எழுதிச் சேருங்கள். தீபாவளி போனஸ் பேச்சுக்கு எப்படியும் சங்கங்களோடு உட்காருவீர்கள். அந்த மேசையில் காய்ச்சல் நாளும் ஒரு வரியாக வரட்டும். முதலில் ஒரு யூனிட்டில் இந்த மழைக்காலம் மட்டும் செய்து பாருங்கள்: எத்தனை பேர் எடுத்தார்கள், எத்தனை பீஸ் ஆல்டருக்குத் திரும்பியது, எத்தனை பேர் இரண்டாம் வாரமும் படுத்தார்கள் என்று சூப்பர்வைசர் நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் குறித்தால் போதும். ஐப்பசி தொடங்கும் முன் அந்த நோட்டு வாங்கப்பட வேண்டும்.

அக்கறையுடன்,
மண்ணரை வட்டாரத்திலிருந்து ஒருவர்